நோயாளி கட்டும் இன்னொரு பிரீமியம்

அக்காவின் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் சில தேதிகளைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போடப்பட்டிருக்கும். மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதத்துக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியின் நாள்கள் அவை. சென்ற ஆண்டு அந்தத் தாள்களைத் தற்செயலாகப் புரட்டியபோது, பதினான்கு நாள் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு, இருபது, ஒரு மாதத்தில் இருபத்து மூன்று நாள்கள் என்று வட்டங்கள் தள்ளித் தள்ளி விழுந்திருப்பதைக் கண்டேன். கேட்டதற்கு, "வலி தாங்குற வரைக்கும் தள்ளிப் போடறேன்டா, ஒரு ஊசி மிச்சமாகும்ல" என்றார். சற்று நேரத்துக்கு முன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியை இரண்டு கைகளாலும் திருகிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதை என்னிடம் நீட்டியதற்கான காரணம் அப்போதுதான் விளங்கியது.

அக்காவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஒரு மாதம்கூடத் தவறாமல் பிரீமியம் கட்டியிருக்கிறார். அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்தும் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதுதான். இவ்வளவும் இருந்தும், ஒரு ஊசியை மிச்சம் பிடிக்கும் நிலைக்கு அவர் ஏன் வந்தார் என்ற கேள்விதான் என்னைப் பல மாதங்கள் க்ளெய்ம் தாள்களோடும் பாலிசியின் பொடி எழுத்துகளோடும் உட்கார வைத்தது. மருந்து விலை ஏறினால் பிரீமியம் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதைவிட மோசமான ஒன்று, பிரீமியம் ஏறாத ஆண்டிலும் சத்தமில்லாமல் நடக்கிறது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

காப்பீடு என்பதன் அடிப்படை எளிது. பலர் சிறிது சிறிதாகப் பணம் போடுகிறார்கள். அவர்களில் யாருக்கு நோய் வருகிறதோ அவருக்கு அந்தப் பொதுப் பணத்திலிருந்து செலவு செய்யப்படுகிறது. ஆரோக்கியமாக இருக்கும் ஆண்டில் நான் கொடுப்பது இன்னொருவரின் சிகிச்சைக்குப் போகிறது, எனக்கு நோய் வரும் ஆண்டில் அவர்கள் கொடுப்பது எனக்கு வருகிறது. பணம் நலமாக இருப்பவரிடமிருந்து நோயுற்றவரை நோக்கி நகர வேண்டும் என்பதே இதன் உயிர். மருந்து விலை விஷயத்தில் இந்த ஓட்டம் பல இடங்களில் தலைகீழாகிவிட்டது என்பது என் முடிவு.

அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கணக்கோடு சொன்னால் புரியும். ஒரு மருந்தின் பட்டியல் விலை, அதாவது மருந்து நிறுவனம் அறிவிக்கும் விலை, நூறு என்று வைத்துக்கொள்வோம். மருந்து நிறுவனம் அந்த மருந்தைக் காப்பீட்டுப் பட்டியலில் நல்ல இடத்தில் வைப்பதற்காக, விற்பனைக்குப் பிறகு நாற்பதைக் கழிவாகத் திருப்பித் தருகிறது. ஆகவே காப்பீட்டுத் தரப்புக்கு அந்த மருந்தின் உண்மையான விலை அறுபதுதான். ஆனால் நோயாளி மருந்துக்கடையில் நின்று தன் பங்கைச் செலுத்தும்போது, அந்தப் பங்கு பெரும்பாலும் நூறை வைத்தே கணக்கிடப்படுகிறது. முப்பது சதவீதம் அவருடைய பங்கு என்றால் அவர் முப்பது தருகிறார். உண்மையான விலையான அறுபதில் அது சரிபாதி. ஆண்டின் தொடக்கத்தில் டிடக்டிபிள் என்ற முதல் கட்டத் தொகையை நோயாளியே ஏற்க வேண்டிய மாதங்களில் நிலைமை இன்னும் விபரீதமானது. அப்போது அவர் முழு நூறையும் தருகிறார். காப்பீட்டுத் தரப்பு ஒன்றும் தருவதில்லை. பிறகு மருந்து நிறுவனத்திடமிருந்து நாற்பது மட்டும் அந்தத் தரப்புக்கு வந்து சேர்கிறது. நோயாளி மருந்து வாங்கினார், காப்பீட்டுத் தரப்புக்கு வரவு வந்தது.

அந்த நாற்பது எங்கே போகிறது என்று கேட்டால், எல்லோருடைய பிரீமியத்தையும் குறைக்கவே பயன்படுகிறது என்று பதில் வரும். அதை அப்படியே நம்புகிறேன் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பதில் சொல்வது என்ன? நோயுற்றவர் அதிகமாகச் செலுத்திய பணத்தைக் கொண்டு நலமாக இருப்பவரின் பிரீமியம் குறைக்கப்படுகிறது. அக்காவைப் போன்றவர்கள் பிரீமியத்தை ஒருமுறை காப்பீட்டு நிறுவனத்துக்கும், இன்னொருமுறை மருந்துக்கடை மேசையிலும் கட்டுகிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு மிக விரிவாக வளர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. அதன் கணக்குகள் பொதுவெளியில் அதிகம் கிடைப்பதால் அங்கிருந்தே சில விவரங்களை எடுக்கிறேன். அங்கே மருந்து நிறுவனத்துக்கும் காப்பீட்டுக்கும் நடுவே நின்று பட்டியல் தயாரிப்பதும் கழிவு பேசுவதும் இடைத்தரகு நிறுவனங்களின் வேலை. கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் ஆகிய மூன்றும் அந்நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கையாளுகின்றன என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் வெளியிட்ட இடைக்கால அறிக்கை சொல்கிறது. மூன்றுமே பெரிய காப்பீட்டு நிறுவனங்களோடு ஒரே குழுமத்துக்குள் இருப்பவை. கழிவு பட்டியல் விலையின் விகிதமாகப் பேசப்படும்போது, விலை குறைவான மருந்து இடைத்தரகருக்கு லாபமில்லாத மருந்தாகிவிடுகிறது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. முடக்குவாதத்துக்குத் தரப்படும் மருந்துகளில் மிகப் புகழ்பெற்ற அடாலிமுமாப், ஹியூமிரா என்ற பெயரில் 2002 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வேலியாக எழுப்பப்பட்டன. ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலேயே அதற்கு இணையான பயோசிமிலர் மருந்துகள் விற்பனைக்கு வந்து விலை சரிந்துவிட்டது. அமெரிக்காவில் முதல் பயோசிமிலர் வர 2023 ஜனவரி ஆயிற்று. ஆம்ஜென் நிறுவனத்தின் அந்த மருந்து இரண்டு பட்டியல் விலைகளோடு வந்தது. ஒன்று ஹியூமிராவைவிட 55 சதவீதம் குறைவு, மற்றொன்று 5 சதவீதம் மட்டுமே குறைவு. இரண்டும் ஒரே மருந்து. விலை கூடிய வடிவம் எதற்காக என்றால், கழிவு கொடுப்பதற்கு இடம் வேண்டும் என்பதற்காக. நாற்பத்தைந்துக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றைத் தொண்ணூற்றைந்துக்கும் விற்க வேண்டிய சந்தை எப்படிப்பட்ட சந்தை என்று இந்த ஒரு செய்தியைப் படித்த அன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் ஆண்டு முழுவதும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பழைய மருந்திலேயே இருந்தார்கள். 2024 ஏப்ரலில் கேர்மார்க் தன் முக்கியப் பட்டியல்களிலிருந்து ஹியூமிராவை நீக்கிய பிறகுதான் நிலைமை நகரத் தொடங்கியது. புதிய மருந்து கடைக்கு வந்தால் மட்டும் போதாது, பட்டியலைத் தயாரிப்பவருக்கும் மனம் வர வேண்டும் என்பதை அந்தப் பதினைந்து மாதங்கள் காட்டின.

இன்சுலினின் கதை இன்னும் வேதனையானது. 1923இல் அதைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த பேன்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். 1996இல் ஹியூமலாக் என்ற நவீன வகை இன்சுலின் வந்தபோது அமெரிக்காவில் ஒரு குப்பி சுமார் 21 டாலர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அதே குப்பியின் பட்டியல் விலை 270 டாலரைத் தாண்டியது. அதே காலத்தில் கழிவும் சேர்ந்தே வளர்ந்ததால், நிறுவனங்களின் கைக்கு வந்த தொகை அந்த அளவுக்கு உயரவில்லை. ஆனால் காப்பீடு இல்லாதவரும், டிடக்டிபிளைத் தாண்டாதவரும் அந்தப் பெரிய விலையின் முன்தான் நின்றார்கள். 2023இல் மூன்று பெரிய உற்பத்தியாளர்களும் பல இன்சுலின்களின் பட்டியல் விலையை 70 சதவீதம் வரையும் அதற்கு மேலும் குறைப்பதாக அறிவித்தார்கள். மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுக்குத் தர வேண்டிய கழிவின் உச்சவரம்பு 2024 ஜனவரியில் நீங்கவிருந்தது. பழைய விலையைத் தொடர்ந்திருந்தால் விற்ற விலையைவிட அதிகமாகக் கழிவு கொடுக்க வேண்டி வந்திருக்கும். பொதுமக்களின் கோபமும் ஒரு காரணம்தான். எனினும் விலை இறங்கிய நேரத்தைப் பார்க்கும்போது, விதி மாறினால் விலை மாறும் என்ற பாடம்தான் எனக்குக் கிடைக்கிறது.

காப்பீட்டு நிறுவனங்களின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் சி நோயைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். ஆயுள் முழுவதும் கல்லீரலை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு நோயை மூன்று மாதத்தில் தீர்க்கும் மருந்துக்கு அந்த விலை நியாயம்தான் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஒரு நோயாளிக்கு மட்டும் என்றால் அந்த வாதத்தை நானும் பொறுமையாகக் கேட்பேன். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் காத்திருந்தபோது, அந்த ஆண்டுக்காக வசூலித்த பிரீமியத்தில் அவ்வளவு பணம் கிடையாது. அதனால் பல மாநிலங்களின் மெடிகெய்ட் திட்டங்கள் கல்லீரல் கடுமையாகத் தழும்பேறியவர்களுக்கு மட்டுமே மருந்து என்று வரம்பு விதித்தன. நோய் முற்றும் வரை காத்திருந்துவிட்டு வாருங்கள் என்று ஒரு காப்பீடு தன் உறுப்பினரிடம் சொல்வதை வேறு எந்த வார்த்தையால் மென்மையாக்குவது?

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. காப்பீடு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. வேலை மாறினால் காப்பீட்டு நிறுவனமும் மாறிவிடும். இன்று செலவழித்து ஒருவரைக் குணப்படுத்தினால், இருபது ஆண்டு கழித்துத் தவிர்க்கப்படும் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையின் ஆதாயம் வேறொரு நிறுவனத்துக்கோ அரசுக்கோ போய்ச் சேரும். செலவு இவருக்கு, சேமிப்பு வேறொருவருக்கு என்றிருக்கும்போது தள்ளிப்போடுவதே கணக்குக்கு ஒத்துவருகிறது. அதே மாத்திரையை எகிப்து அரசு பேரம் பேசி பன்னிரண்டு வாரத்துக்கு 900 டாலருக்கு வாங்கியது. பிறகு உள்நாட்டிலேயே ஜெனரிக் வடிவில் தயாரித்தது. 2018இல் தொடங்கிய மாபெரும் பரிசோதனை இயக்கத்தின் மூலம் நோயாளிகளைத் தேடித் தேடிச் சிகிச்சை அளித்தது. ஹெபடைடிஸ் சி ஒழிப்பை நோக்கிய அதன் முன்னேற்றத்தை உலக சுகாதார அமைப்பு 2023இல் அங்கீகரித்தது. எகிப்தில் செலவும் சேமிப்பும் ஒரே கருவூலத்தில் இருந்தன. அந்த வேறுபாடு சிறியதல்ல.

விலை கூடிய மருந்தைக் கட்டுக்குள் வைக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் கையில் எடுக்கும் கருவிகளை அக்காவின் கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன் அனுமதி என்பது மருத்துவர் எழுதிய மருந்து ஏன் தேவை என்று மருத்துவரே மறுபடி எழுதிக் கொடுப்பது. மலிவான மருந்துகளை முதலில் முயன்று, அவை பலிக்கவில்லை என்று நிரூபித்த பிறகே அடுத்த மருந்து என்பது படிப்படிச் சிகிச்சை விதி. மலிவான பழைய மருந்து நன்றாக வேலை செய்யும் நோயாளிகள் ஏராளம் என்பதால் இந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் பலிக்கவில்லை என்பதை நிரூபிப்பதற்குச் செலவான ஏழு மாதங்களில் அக்காவின் வலது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் கோணத் தொடங்கின. முடக்குவாதத்தில் மூட்டு ஒருமுறை அரிபட்டால் பிறகு எந்த ஊசியாலும் பழையபடி ஆகாது.

எங்களை மிகவும் ஏமாற்றியது மருந்து நிறுவனம் கொடுத்த உதவி அட்டை. நோயாளி கட்ட வேண்டிய பங்கை அந்த அட்டை கட்டிவிடும் என்றார்கள். ஆண்டின் முதல் சில மாதங்கள் கட்டவும் செய்தது. ஐந்தாவது மாதம் மருந்துக்கடையில் அட்டையின் தொகை தீர்ந்துவிட்டது என்றார்கள். அதுவரை அட்டை கட்டிய தொகை எதையும் காப்பீட்டு நிறுவனம் அக்காவின் டிடக்டிபிளில் சேர்க்கவே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. மருந்து நிறுவனத்தின் பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது, நோயாளியின் கணக்கு மட்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றது. மேசைக்கு அப்பால் நின்ற இளம் மருந்தாளுநர் தொகையை வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்பட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் பெண்ணின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நாள்காட்டியில் வட்டங்கள் தள்ளி விழத் தொடங்கியது அந்த மாதத்திலிருந்துதான்.

நோயாளி தன் பங்காகச் சிறிது கட்டினால்தான் தேவையற்ற மருந்து வாங்க மாட்டார் என்று இந்த ஏற்பாடுகளுக்கு விளக்கம் சொல்வார்கள். 1970களில் தொடங்கி அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்து நடத்திய புகழ்பெற்ற சோதனை இதற்கு விடை தந்துவிட்டது. கைப்பணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்தது உண்மை. அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் குறைத்தார்கள். ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் நிலை மோசமாயிற்று. எது அவசியம், எது அவசியமில்லை என்று வலியோடு இருப்பவர் விலைச் சீட்டைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. மாரடைப்புக்குப் பின் எடுக்க வேண்டிய மருந்துகளை முற்றிலும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் கூடினார்கள். மொத்தச் செலவு கூடவில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் படித்த பிறகு, முடக்குவாதம் போன்ற நோய்க்கு நோயாளியிடமிருந்து பெரும் பங்கு கேட்பதை என்னால் சிக்கனம் என்று அழைக்க முடியவில்லை.

விலையைக் குறைத்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்ற வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்பது தோற்றுப்போகின்றன. அந்தத் தோல்விகளின் செலவை வென்ற ஒன்றுதான் சுமக்க வேண்டும். அக்காவின் ஊசியே அப்படிப்பட்ட ஆராய்ச்சியின் பயன்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் பலர் சக்கர நாற்காலிக்குப் போனார்கள். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை ஒரு சமூகம் கொடுக்கத்தான் வேண்டும். என் கேள்வி அந்த விலையை யார் தோளில் ஏற்றுவது என்பதே. ஜெர்மனியில் 2011 முதல் புதிய மருந்து ஒவ்வொன்றும் பழையதைவிட எவ்வளவு கூடுதல் பயன் தருகிறது என்று மதிப்பிடப்பட்ட பிறகே விலை பேசப்படுகிறது. நோயாளியின் பங்கு ஒரு மருந்துக்குப் பொதுவாக 5 முதல் 10 யூரோ, ஆண்டு மொத்தம் வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நாள்பட்ட நோயாளிக்கு 1 சதவீதம். வேல்ஸ் 2007இலும் ஸ்காட்லாந்து 2011இலும் மருந்துச் சீட்டுக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. அங்கெல்லாம் மருந்து மலிவு என்று பொருளல்ல. சில மருந்துகள் தாமதமாக வருகின்றன, சில வருவதே இல்லை. அதுவும் ஓர் இழப்புதான். ஆனால் விலையோடு மல்லுக்கட்டும் வேலை, வலது கையில் பாட்டில் மூடியைத் திறக்க முடியாத ஒருவரிடம் விடப்படவில்லை.

அமெரிக்காவிலும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. முதியோருக்கான மெடிகேர், மருந்து விலை பேரத்தில் தலையிடக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 2022இல் வந்த சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. 2023 முதல் மெடிகேர் உறுப்பினர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. மருந்துக்காக ஒருவர் ஆண்டில் கைப்பணமாகக் கட்டுவதற்கு 2025இல் உச்சவரம்பு வந்தது, அந்த ஆண்டு அது 2,000 டாலர். பேரம் பேசி முடிவான முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உச்சவரம்பு வந்தால் அந்தச் சுமை பிரீமியத்தின் மீது ஏறக்கூடும் என்கிறார்கள். ஏறட்டும் என்பேன். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, ஒருவரை ஊசியைத் தள்ளிப்போடாமல் காப்பதற்குத்தானே இந்த ஏற்பாட்டுக்குக் காப்பீடு என்று பெயர் வைத்தோம்?

இந்த ஆண்டு தொடக்கத்தில், அக்காவின் ஒப்புதலோடு அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஊசிக்குக் கழிவு போக நீங்கள் இறுதியில் ஏற்கும் விலை என்ன, அக்காவின் பங்கை அந்த விலையை வைத்து ஏன் கணக்கிடக் கூடாது என்ற இரண்டே கேள்விகள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் கேள்விக்கு, அது வணிக ரகசியம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது கேள்விக்குப் பாலிசியின் ஒரு பிரிவு எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், நோயாளியின் பங்கு பட்டியல் விலையின் மீது கணக்கிடப்படும் என்றுதான் அதில் இருந்தது. மேல்முறையீட்டுப் படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன், அக்காவின் மருத்துவர் தரும் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறோம்.

புதிய நாள்காட்டியில் இந்த ஆண்டு முழுவதற்குமான வட்டங்களை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன், பதினான்கு நாளுக்கு ஒன்று வீதம். டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிட்டதால் முதல் மூன்று மாதச் செலவை நாங்கள் உடன்பிறந்தவர்கள் பங்கிட்டுக்கொண்டோம். அடுத்த வட்டம் வியாழக்கிழமை. ஊசி குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது.